கோடு முடிந்த இடத்தில் மின்சாரம்

தெருவின் பிளானில் ஒரு கேபிள் கோடு நடைபாதையோரமாக ஓடிவந்து ஒரு வீட்டு வாசலுக்கு முன்னால் சட்டென்று நின்றுவிடுகிறது. முனையில் பொட்டு வைத்தாற்போல் சின்னதாக ஒரு குறி. அதற்கு அந்தப் பக்கம் கவலையில்லாமல் தோண்டலாம், இந்தப் பக்கமும் ஒன்றும் ஆகாது என்றுதான் புதிதாக வந்தவருக்குத் தோன்றும். கேபிள்தான் முடிந்துவிட்டதே! ஆனால் மின்சாரம் முடியவில்லை. எப்போதோ அங்கிருந்த வீட்டை இடித்தபோது, அதற்குப் போன இணைப்பை வெட்டி, நுனிக்கு மூடி போட்டு அடைத்து, மண்ணைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நுனி வரைக்கும் இன்றும் மின்சாரம் வந்து நிற்கிறது. பிரிட்டனில் தெரு தோண்டுகிறவர்கள் இதை ‘பாட் எண்ட்’ என்பார்கள். கடப்பாரை அதில் பட்டால் தீப்பிழம்பு முகத்துக்கு நேராக எழும்.

இப்படிப்பட்ட குறிகளைப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது பிரிட்டனில் ஒரு தனித் தொழிற்பயிற்சி. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. அந்த நாட்டின் மண்ணுக்கடியில் சுமார் 40 லட்சம் கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய்களும் கேபிள்களும் கிடக்கின்றன. சராசரியாக 7 விநாடிக்கு ஒரு குழி எங்காவது தோண்டப்படுகிறது. ஆண்டுக்குச் சுமார் 60,000 முறை தெரியாமல் எதிலாவது இடித்துவிடுகிறார்கள் என்றும், அதனால் ஏற்படும் நட்டம் 240 கோடி பவுண்டு என்றும் அந்நாட்டு அரசே மதிப்பிட்டிருக்கிறது. பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு 1989-இல் வெளியிட்ட எச்.எஸ்.ஜி. 47 என்ற கையேடுதான் இந்தத் துறையின் பாலபாடம். அது சொல்வது மூன்று வேலை: பிளானை வாங்கிப் பார், கருவியால் தேடு, கையால் தோண்டி உறுதி செய். இதில் எது ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டையும் நம்ப முடியாது.

பிளான் என்றால் ஒரே தாள் என்று நினைத்துவிடக்கூடாது. மின்சாரத்துக்கு ஒன்று, எரிவாயுவுக்கு ஒன்று, குடிநீர், சாக்கடை, தொலைபேசி, தெருவிளக்கு என்று ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அளவை, வேறு வேறு குறிகள். ஒரு தாளில் சிவப்பு ஒன்றைக் குறிக்கும். அடுத்த தாளில் அதே சிவப்பு வேறொன்று. அதனால் முதல் பாடம், தாளின் மூலையில் இருக்கும் குறிவிளக்கத்தை விரல் வைத்துப் படிப்பது. இரண்டாவது, எல்லாத் தாள்களிலும் உள்ளதை ஒரே படத்துக்கு மாற்றி, தோண்டப்போகும் இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் போடுவது.

மூன்றாவது பாடம் அளவை. 1:500 பிளானில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் அரை மீட்டர். பேனாக் கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கோடே தரையில் கால் மீட்டர் அகலத்தை விழுங்கிவிடுகிறது. ஜேசிபியின் வாளிப் பல்லுக்கு அந்தக் கால் மீட்டர் எம்மாத்திரம்! போதாக்குறைக்கு, யாராவது அலுவலகத்தில் அந்தத் தாளை ‘பக்கத்துக்குப் பொருந்துமாறு’ அச்செடுத்திருப்பார். படம் கொஞ்சம் சுருங்கியிருக்கும். மூலையில் மட்டும் 1:500 என்று அழகாக எழுதியிருக்கும். தெரிந்த இரண்டு கட்டடங்களுக்கு இடையே தாளில் ஒரு தடவை, தரையில் ஒரு தடவை அளந்து பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

அளவை சரியாக இருந்தாலும், எதிலிருந்து அளந்தார்கள் என்பது அடுத்த சிக்கல். ‘நடைபாதை விளிம்புக் கல்லிலிருந்து இத்தனை அடி’ என்று ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன்பு குறித்து வைத்திருப்பார்கள். அதன் பிறகு சாலையை அகலப்படுத்தி, விளிம்புக் கல்லைப் பெயர்த்துத் தள்ளி நட்டிருப்பார்கள். கேபிள் நகரவில்லை, கல் நகர்ந்துவிட்டது. ஆழமும் இதே கதைதான். பிரிட்டனில் நடைபாதைக்கடியில் மின்கேபிள் சுமார் 45 சென்டிமீட்டர், எரிவாயுக் குழாய் 60, குடிநீர்க் குழாய் 75 என்று ஒரு பொது வழக்கம் உண்டு. ஆனால் மேலே இருந்த மண்ணை யாரோ வழித்தெடுத்திருக்கலாம். பாலத்தின் மேல் போகும் கேபிள் தார்ச்சாலைக்குச் சற்றுக் கீழேயே கிடக்கலாம். பிளானில் ஆழம் எழுதியிருந்தால், அது புதைத்த அன்றைய ஆழம் என்று மட்டுமே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

பிளானில் இல்லாதவற்றைப் பிளானிலிருந்தே ஊகிப்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி. பெரிய குழாய் தெரு நெடுகக் கோடாக இருக்கும். அதிலிருந்து வீடுகளுக்குப் பிரியும் இணைப்புகள் பெரும்பாலும் வரையப்பட்டிருக்காது. நாற்பது வீடு இருந்தால் நாற்பது கேபிள், நாற்பது தண்ணீர்க் குழாய் குறுக்கே போகிறது என்று தானாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மேன்ஹோல் மூடிகளுக்கு நடுவே நேர்கோடு வரைந்திருந்தால், கேபிள் நேராகத்தான் போகிறது என்று அர்த்தமில்லை. இணைப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் பின்னாளில் பழுது பார்க்க வசதியாகக் கொஞ்சம் கேபிளை வளைத்து விட்டிருப்பார்கள்.

பிறகு தாளைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும். விளக்குக் கம்பம் நிற்கிறது, பிளானில் அதற்குக் கோடு இல்லை. அப்படியென்றால் கோடுதான் விட்டுப்போயிருக்கிறது, கம்பம் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கவில்லை. தார்ச்சாலையில் நீளவாக்கில் ஒட்டுப்போட்ட தடம் தெரிகிறதா? அண்மையில் யாரோ எதையோ புதைத்திருக்கிறார்கள். அது பதிவேட்டுக்கு இன்னும் வந்து சேர்ந்திருக்காது. வால்வு மூடி, மேன்ஹோல், சுவரோரமாக ஏறும் மீட்டர் பெட்டி எல்லாமே சாட்சிகள்.

அடுத்து கருவி. பிரிட்டனில் இதை எல்லோரும் ‘கேட்’ என்றே கூப்பிடுகிறார்கள். கேபிள் அவாய்டன்ஸ் டூல் என்பதன் சுருக்கம். கைப்பிடியோடு நீளமாக இருக்கும், தரையை ஒட்டி மெதுவாக நடத்திக்கொண்டு போனால் கீழே கேபிள் இருக்கும் இடத்தில் கூவும். பயிற்சியில் அதிக நேரம் செலவாவது, அது எப்போது கூவாது என்பதைப் புரியவைப்பதில். பவர் என்ற நிலையில் அது கேபிளில் ஓடும் மின்னோட்டத்தின் காந்தப்புலத்தைத்தான் பிடிக்கிறது. பட்டப்பகலில் தெருவிளக்குக் கேபிளில் மின்னோட்டம் இல்லை; கருவி மௌனம். மூன்று கட்டங்களிலும் சுமை சமமாக இருக்கும் பெரிய மின்கேபிளில் புலங்கள் ஒன்றையொன்று அடித்துவிடும். அப்போதும் அது அடங்கிப் போகலாம். பிளாஸ்டிக் குழாயை அது எந்த நிலையிலும் கண்டுகொள்ளாது. இப்படி மௌனமாக இருக்கும் கேபிள்களுக்காகத்தான் ‘ஜென்னி’ என்ற சிறிய பெட்டி கூடவே வருகிறது. தெருவிளக்குக் கேபிளிலோ உலோகக் குழாயிலோ அதன் சமிக்ஞையை ஏற்றிவிட்டால், கேட் அந்த ஒரே சத்தத்தைப் பின்தொடர்ந்து போகும். தரையை ஊடுருவும் ரேடார் பிளாஸ்டிக்கையும் காட்டும்தான், ஆனால் ஈரக் களிமண்ணில் அதன் பார்வை மங்கிவிடும்.

கருவி காட்டிய இடத்தில் பெயின்ட்டால் குறியிட்ட பிறகுதான் மண்வெட்டிக்கு வேலை. அதற்கும் ஒரு நளினம் உண்டு. கேபிளுக்கு நேர்மேலே தோண்டக்கூடாது. சற்றுத் தள்ளிச் சோதனைக்குழி போட்டு, கடைசியில் பக்கவாட்டில் மண்ணை வழித்து அதைத் தொட வேண்டும். மேலிருந்து குத்தும் கைக்கு வேகம் கட்டுப்படாது, பக்கவாட்டில் வழிக்கும் கை அடங்கும். மண்வெட்டியை ஓங்கிப் பாய்ச்சாமல் காலால் மெல்ல அழுத்தி இறக்க வேண்டும். எரிவாயுக் குழாயைச் சுற்றி அரை மீட்டருக்குள் இயந்திரம் வரவே கூடாது. கீழே கறுப்பாக ஓர் இரும்புக் குழாய் தென்பட்டால் பழைய தண்ணீர்க் குழாயாகவும் இருக்கலாம், பழைய எரிவாயுக் குழாயாகவும் இருக்கலாம். நிரூபணம் ஆகும் வரை எரிவாயு என்றே நடத்த வேண்டும்.

இடித்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிக் கொடுக்கிறார்கள். வெடித்தால்தான் விபத்து என்ற எண்ணத்தை முதலில் போக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் பெல்லிங்ஹாமில் 1999 ஜூன் 10-ஆம் தேதி ஒரு பெட்ரோல் குழாய் உடைந்து சுமார் 9 லட்சம் லிட்டர் ஓடையில் கொட்டித் தீப்பிடித்தது. பத்து வயதுச் சிறுவர்கள் இருவரும் 18 வயது இளைஞர் ஒருவரும் இறந்தார்கள். வால்விலும் கணினிக் கட்டுப்பாட்டிலும்கூடக் கோளாறுகள் இருந்தன. ஆனால் உடைந்த இடத்தில் விசாரணைக் குழு கண்டது, 1994-இல் அருகே நடந்த கட்டுமான வேலையில் தோண்டும் இயந்திரம் பதித்த கீறல்களை. ஐந்து வருடம் அந்தக் காயம் மண்ணுக்குள் காத்திருந்தது. பெல்ஜியத்தின் கிஸ்லாங்யானில் 2004 ஜூலை 30 அன்று வெடித்த எரிவாயுக் குழாயிலும் அப்படித்தான், முன்பு நடந்த வேலையில் பட்ட அடி. கசிவைப் பார்க்க வந்திருந்த தீயணைப்பு வீரர்கள் உட்பட 24 பேர் மாண்டார்கள். மேற்பூச்சு உரிந்த சிறு சிராய்ப்பைக்கூட மூடி மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று பயிற்சியில் வலியுறுத்துவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

கிஸ்லாங்யானுக்குப் பிறகு பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி, தோண்டுமுன் பிளான் கேட்பதை 2008-இல் சட்டமாக்கியது. பிரிட்டன் எல்லா நிறுவனங்களின் வரைபடங்களையும் ஒரே திரையில் காட்டும் தேசியப் பதிவேட்டின் முதல் கட்டத்தை 2023-இல் தொடங்கியது. திரை புதிதுதான், அதில் ஏறியிருக்கும் கோடுகளில் பல, அந்தப் பழைய தாள்களில் இருந்தவையே. தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் ஏராளமாக வேலை செய்யும் சிங்கப்பூரில், மண்ணைத் தொடுமுன் கேபிள் தேடுவதற்கென்று உரிமம் பெற்றவரை அழைத்தாக வேண்டும்.

இந்தியாவில் 2023 மார்ச் 22 அன்று ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலி அறிமுகமானது. கண்ணாடி இழைக் கேபிள்கள் முதலானவை வெட்டுப்படுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் வீணாகிறது என்பது அப்போது அரசு சொன்ன கணக்கு. தோண்டப்போகிறவர் இடத்தைப் பதிவு செய்தால், அங்கே குழாயோ கேபிளோ வைத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும். அவர்கள் பதில் சொல்வார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பதில் ஒப்பந்ததாரரின் கைபேசியில் வந்து இறங்குகிறது; குழி தோண்டுவதோ, மணிக்கணக்கு வாடகைக்கு வரும் ஜேசிபி ஓட்டுநர். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மேஸ்திரி கையசைத்துக் காட்டுவதோடு சரி. பிரிட்டனின் கையேடு பிளானின் பிரதி தோண்டுகிறவரின் கையிலேயே இருக்க வேண்டும் என்கிறது, அதைப் படிக்கத் தெரிந்தவராகவும் அவர் இருக்க வேண்டும் என்கிறது. இங்கே பயிற்சியைத் தொடங்குவதானால் அந்த ஓட்டுநரிடமிருந்து தொடங்குவதுதான் முறை. மணிக்கணக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது சோதனைக்குழிக்கான நேரத்துக்கு யார் பணம் தருவது என்பதையும் வேலைக்கான ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.