கரண்ட் வந்த கதை

முன்வாசலில் டிக்கெட்டைக் காட்டிவிட்டு உள்ளே போவதில் என்ன சுவாரஸ்யம்? வாருங்கள், கொல்லைப்புறமாக நுழைவோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அமெரிக்காவில், மிசௌரி ஆற்றின் கரையில் ஒரு ஸ்டேடியம். பெயர் சிபிகேசி. 11,500 பேர்தான் உட்காரலாம். அளவில் ஒன்றும் பிரம்மாண்டம் இல்லை. ஆனால் தொழில்முறைப் பெண்கள் அணி ஒன்றுக்காகவே அஸ்திவாரம் தோண்டிக் கட்டிய முதல் ஸ்டேடியம் இது. ஆண்கள் அணி விளையாடி முடித்த மிச்ச நேரம், மிச்ச அறை என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. வீட்டுக்காரிகளே இவர்கள்தான்!

இந்தக் கால்பந்து அணியின் பெயர் கன்சாஸ் சிட்டி கரண்ட். அவர்கள் கணக்கில் கரண்ட் என்றால் ஆற்றின் நீரோட்டம். நம் காதில் அது மின்சாரமாகத்தான் விழும். விழட்டும், தப்பே இல்லை. இந்தக் கதையில் பவர் கட், லோ வோல்டேஜ், ஃப்யூஸ் போவது எல்லாமே உண்டு.

முதலில் அந்தப் பவர் கட். 2013-ல் அமெரிக்கப் பெண்கள் லீக் 8 அணிகளோடு தொடங்கியபோது இந்த ஊருக்கும் ஓர் அணி இருந்தது. எஃப்சி கன்சாஸ் சிட்டி என்று பெயர். முதல் வருடம் ஆடியது ஒரு பள்ளிக்கூட மாவட்ட மைதானத்தில். ஆனால் ஆட்டம்? 2014, 2015 என்று அடுத்தடுத்து இரண்டு சாம்பியன் பட்டங்கள்! இரண்டு ஃபைனலிலும் எதிரணி சியாட்டில். இரண்டிலும் அணியின் மொத்த கோல்களையும் போட்டவர் ஏமி ரோட்ரிகஸ். இரண்டுக்கும் கோச் விளாட்கோ அன்டோனோவ்ஸ்கி. இந்தப் பெயரை மட்டும் ஒரு சீட்டில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இத்தனை ஜெயித்தும் 2017 முடிவில் அணி இழுத்து மூடப்பட்டது. வீராங்கனைகளின் ஒப்பந்தங்கள் யூட்டா மாநிலத்தின் புது அணிக்குப் போயின. ஊரே இருட்டு.

மூன்று வருடம் கழித்து வந்தது திருப்பம். 2020 டிசம்பரில் யூட்டா அணியின் விளக்கு அணைந்தது. அதன் வீராங்கனைகள் எந்த ஊருக்கு வந்தார்கள் தெரியுமா? அதே கன்சாஸ் சிட்டிக்கு! சாமான்களை ஏற்றிக்கொண்டு போன லாரி, அதே தெருவுக்குத் திரும்பி வந்தது போல. இறங்கியவர்களில் ரோட்ரிகஸும் இருந்தார்.

இந்த முறை சாவி ஏஞ்சி லாங், கிறிஸ் லாங் தம்பதி கையிலும் பிரிட்டனி மஹோம்ஸ் கையிலும். பிரிட்டனி யாரென்று ஊர் சொல்லும்: அமெரிக்கன் ஃபுட்பால் என்ற வேறு ஆட்டத்தின் சூப்பர் ஸ்டார் பேட்ரிக் மஹோம்ஸின் மனைவி. நாம் கொல்லைப்புறமாக வந்தவர்கள், இன்னொன்றும் தெரிந்துகொள்வோம். அந்தம்மாவே ஐஸ்லாந்துவரை போய்ப் பந்து உதைத்தவர். கிளப்பின் உரிமையில் கணவர் பங்கு சேர்ந்தது 2023-ல்தான். வீட்டில் யார் சீனியர் என்று புரிகிறதா?

2021-ல் அணி இறங்கியபோது சொந்தப் பெயர்கூடக் கிடையாது. ஊர்ப் பெயரின் சுருக்கமான கேசியையும் லீகின் பெயரையும் ஒட்டவைத்துச் சமாளித்தார்கள். ஆடியது ஒரு பேஸ்பால் மைதானத்தில். சீசன் முடிவில் 24 ஆட்டங்களில் 3 வெற்றி, கடைசி இடம். சரியான லோ வோல்டேஜ். அந்த அக்டோபரில்தான் ‘கரண்ட்’ என்று பெயர் சூட்டினார்கள்.

பெயர் வைத்த வேளையோ என்னவோ, மறு வருடமே ஃபைனல்! கடைசி இடத்திலிருந்து ஒரே தாவு. அங்கே போர்ட்லாந்து 2-0 என்று தோற்கடித்தது வேறு கதை.

இதற்குள் உரிமையாளர்கள் மண்வெட்டியும் கையுமாகிவிட்டார்கள். 2022-ல் 1.8 கோடி டாலரில் தனிப் பயிற்சி மையம் திறந்தது. அதே வருடம் அக்டோபரில் ஸ்டேடியத்துக்குப் பூமி பூஜை (நம் பாணியில் சொன்னால்). 2024 மார்ச் 16 கிரகப்பிரவேசம். முதல் விருந்தாளி யார்? அதே போர்ட்லாந்து! இந்த விருந்தில் விழுந்தவை 9 கோல்கள். 5-4, வென்றது வீட்டுக்காரர்கள். அதில் ஒரு கோலைப் போட்ட அலெக்ஸ் ஃபைஃபருக்கு வயது 16.

சீட்டைப் பிரியுங்கள். அந்த சீசனின் கோச் யார்? அன்டோனோவ்ஸ்கியேதான்! இடையில் அமெரிக்கத் தேசிய அணிக்கே பயிற்சி கொடுத்துவிட்டு, 2023 அக்டோபரில் பழைய ஊருக்குத் திரும்பியிருந்தார்.

அவர் கையில் கிடைத்த மின்னல் டெம்வா சவிங்கா. மலாவி நாட்டுப் பெண். 2024-ல் 20 கோல் அடித்து லீக் சாதனையை உடைத்தார். அந்த சீசனில் எதிர்கொண்ட 13 அணிகளில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை, எல்லோர் வலையிலும் பந்து. மறு வருடமும் சிறந்த வீராங்கனை விருது அவருக்கே.

இன்னும் ஒரே ஓர் அறை பாக்கி. எட்டிப் பாருங்கள், கேப்டன் லோஏயாவ் லபோன்டா. ஒருமுறை பெனால்டியில் கோல் போட்டுவிட்டு, தொடைத் தசை பிடித்துக்கொண்டது போல நொண்டினார். எல்லோரும் பதறிய நேரத்தில் இடுப்பை வெட்டி ஓர் ஆட்டம் போட்டாரே பார்க்கணும்! அந்த வீடியோ உலகம் சுற்றியது. 2025-ல், 32 வயதில், தேசிய அணிக்கு முதல்முறை ஆடினார். அமெரிக்கப் பெண்கள் அணியில் இத்தனை வயதில் அறிமுகமானவர் அதுவரை யாரும் இல்லை.

கன்சாஸ் சிட்டி, யூட்டா, மறுபடி கன்சாஸ் சிட்டி என்று அந்த லாரிப் பயணம் முழுவதையும் செய்தவர் அவர். ஆனால் இந்த ஊருக்கு அவர் முதலில் வந்தது 2016-ல். இரண்டாவது பட்டம் வென்று ஒரு வருடம்கூட ஆகாத நேரம். பாயசம் தீர்ந்த பந்தியில் உட்கார்ந்த மாதிரி!

2025-ல் பாயசம் வாசனை மூக்குவரை வந்தது. லீக் சுற்றில் 65 புள்ளிகள், புதுச் சாதனை, முதலிடத்துக்கான கேடயமும் கையில். நாக் அவுட்டில் எட்டாம் இடத்து கோதம் அணி, இதே ஸ்டேடியத்தில், கூடுதல் நேரத்தில் 2-1 என்று ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டது.

கேடயம் அலமாரியில் இருக்கிறது. பக்கத்தில் சாம்பியன் கோப்பைக்கான இடம் காலி. பழைய கோப்பைகள் இரண்டும் பழைய அணியின் பேரில் எழுதியவை. அந்தக் காலி இடம் நிரம்பும் ராத்திரியில் ஆற்றங்கரையில் 11,500 பேர் என்ன சத்தம் போடுவார்கள் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டாம். இருட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கும்போது சட்டென்று ஃபேன் சுற்றினால் நம் தெருவே போடுமே, அதே சத்தம்தான்.