முழங்காலுக்கு வந்தவர் எடைக்கு ஏன் வரவில்லை?

செய்யாறு, ஆரணிப் பக்கம் நெசவாளர்கள் குழித்தறியில் உட்கார்ந்துவிட்டால் கை நாடாவை ஓட்டும், கால் மிதியை அழுத்தும். இடுப்புக்கு நாள் முழுக்க ஒரே இடம். எடை கூடத்தான் செய்யும். ஆனால் மருத்துவரிடம் போவதோ முழங்கால் வலிக்கு, இல்லாவிட்டால் சர்க்கரைக்கு. "உடம்பைக் குறைங்க" என்ற ஒற்றை வரியோடு திரும்புகிறார்கள்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுத் தமிழகப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 25 அல்லது அதற்கு மேல், அதாவது கூடுதல் எடை. அப்படியிருந்தும் எடைக்காக மருத்துவரிடம் போக ஏன் தயக்கம்? பூசினாற்போன்ற உடம்பைச் செழிப்பாகப் பார்ப்பது ஒன்று. குற்ற உணர்வு அதைவிடப் பெரிது. உடல்பருமன் உள்ளவர்களிடம் 11 நாடுகளில் நடந்த ஆக்‌ஷன்-ஐஓ ஆய்வில் (இந்தியா அதில் இல்லை), எடையைக் குறைப்பது முழுக்கத் தங்கள் பொறுப்பு என்றவர்கள் 81 சதவீதம். எடையைப் பற்றி மருத்துவரிடம் வாய்திறக்கச் சராசரியாக 6 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

உடம்பு அப்படி நம் பேச்சுக்குக் கட்டுப்படுவதில்லை. எடை குறைந்ததும் கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் சரியும், பசியைத் தூண்டும் கிரெலின் ஏறும். ஓராண்டு கழிந்தும் இந்த இழுபறி தணியாததை 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். வாயைக் கட்டாதவர் என்று ஏசுவதில் அறிவியல் துளியும் இல்லை. இடுப்பளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தொட்டாலே, முழங்கால் வலிக்கும் முன்பே, போய்க் கேட்கலாம்.