குடுமியும் தாடியும் மறைக்காத முகம்

கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சம்ஸ்கிருதம் படித்துப் பட்டம் வாங்கிய ஒரு முஸ்லிம் இளைஞர், மேல்படிப்புக்கும் அதையே எடுத்தார். முஸ்லிமுக்கு வேதம் சொல்லித்தர முடியாது என்று பண்டிதர் கையை விரித்துவிட்டார். துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி தலையிட்டு, அவர் ஒப்பியல் மொழியியல் படிக்க வழிசெய்தார். முகமது ஷஹீதுல்லா என்ற அந்த மாணவர் 1912இல் எம்.ஏ. முடித்தார், பிறகு பாரிஸுக்குப் போய் 1928இல் முனைவர் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ந்தது, வங்க மொழியின் மிகப் பழைய பாடல்களான சரியாபதங்களை. அவற்றைப் பாடியவர்கள் பௌத்த சித்தர்கள்.

1948 டிசம்பர் 31 அன்று டாக்காவில் நடந்த இலக்கிய மாநாட்டில் இதே ஷஹீதுல்லா பேசினார். பாகிஸ்தான் பிறந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. நாம் இந்துக்கள், முஸ்லிம்கள் என்பது உண்மைதான். ஆனால் வங்காளிகள் என்பது அதைவிடப் பெரிய உண்மை. இயற்கை நம் முகத்திலும் பேச்சிலும் போட்ட முத்திரையைத் திலகமும் குடுமியும் மறைக்காது, தொப்பியும் தாடியும் மறைக்காது. அவர் பேச்சின் சாரம் இதுதான். மதத்தின் பெயரால் உருவான நாட்டில் இப்படிப் பேசத் துணிச்சல் வேண்டும்.

அந்த நாட்டைக் கேட்டு வாங்கியதில் வங்காள முஸ்லிம்களுக்கும் பெரும் பங்கு உண்டு. கிழக்கு வங்கத்தில் ஜமீன்தார்களிலும் வட்டிக்கடைக்காரர்களிலும் பெரும்பாலோர் இந்துக்கள்; நிலத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கடனிலிருந்தும் குத்தகைக் கொடுமையிலிருந்தும் விடுதலை கிடைக்கும் என்று நம்பித்தான் 1946 தேர்தலில் முஸ்லிம் லீக்குக்கு வாக்குகளை அள்ளிக் கொடுத்தார்கள். பேசும் மொழியும் பாடும் பாட்டும் பறிபோகும் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

முதல் மோதல் கராச்சியில். 1948 பிப்ரவரி 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், கொமில்லாவைச் சேர்ந்த இந்து உறுப்பினர் தீரேந்திரநாத் தத்தா எழுந்தார். நாட்டின் 6 கோடியே 90 லட்சம் மக்களில் 4 கோடியே 40 லட்சம் பேர் பேசுவது வங்க மொழி. சபை நடவடிக்கைகளில் அதற்கும் இடம் வேண்டும் என்றார். இது முஸ்லிம் நாடு, இதற்கு முஸ்லிம்களின் மொழிதான் பொதுமொழி என்று பிரதமர் லியாகத் அலி கான் மறுத்தார். கிழக்கு வங்கத்து லீக் உறுப்பினர்களே தத்தாவைக் கைவிட, தீர்மானம் தோற்றது. அடுத்த மாதமே டாக்கா வந்த ஜின்னா, உருது ஒன்றே அரசு மொழி என்று அறிவித்தார்.

சபையில் கைவிடப்பட்ட கோரிக்கையை மாணவர்கள் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் போலீஸ் சுட்டதில் உயிர்விட்ட பரகத், ரஃபீக், ஜப்பார், சலாம் எல்லோருமே முஸ்லிம்கள். ஓர் இந்து சபையில் கேட்டதற்கு அவர்கள் வீதியில் உயிரைக் கொடுத்தார்கள். 1956 அரசியல் சட்டம் வங்க மொழியை ஏற்றது. பிப்ரவரி 21ஐ யுனெஸ்கோ 1999இல் உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது.

மொழியை ஒடுக்கப் பார்த்ததோடு நிற்காமல், அதிலிருக்கும் 'இந்து வாடை'யை எடுக்கும் வேலை நடந்தது. வங்க மொழியை அரபு எழுத்தில் எழுதவைக்கும் திட்டம் வந்தது, பலிக்கவில்லை. கவிஞர் நஸ்ருல் இஸ்லாமின் புகழ்பெற்ற அணிவகுப்புப் பாட்டில் 'சுடுகாடு' வருமிடத்தில் முஸ்லிம்களின் அடக்கத்தலத்தைக் குறிக்கும் சொல்லைப் போட்டுப் பாடவைத்தார்கள். நஸ்ருலைத் திருத்துவது லேசான காரியமா? காளி மீது பக்திப் பாடல்கள் எழுதிய கை அது. நோன்புப் பெருநாளுக்கு வங்காள முஸ்லிம்கள் இன்றும் பாடும் பாட்டை எழுதியதும் அதே கைதான். இந்துப் பெண்ணை மணந்த அவர், தலைமகனுக்கு வைத்த பெயர் கிருஷ்ண முகமது.

தாகூர் விஷயத்தில் அரசு இன்னும் கடுமை காட்டியது. 1961இல் அவரது நூற்றாண்டு விழாவை அது விரும்பவில்லை. விழாவை நடத்தியே தீருவது என்று இறங்கியவர்கள், அதே ஆண்டில் 'சாயாநட்' என்ற இசை அமைப்பைத் தொடங்கினார்கள். சன்ஜிதா கத்தூன், வஹிதுல் ஹக் போன்றவர்கள் அதன் தூண்கள். 1967இல் பாகிஸ்தானின் கொள்கைக்கு ஒவ்வாத தாகூர் பாடல்களை வானொலியில் ஒலிபரப்ப வேண்டாம் என்று அமைச்சர் க்வாஜா ஷஹாபுத்தீன் அறிவித்தார். அதே ஆண்டில்தான் சாயாநட் டாக்காவின் ரம்னா பூங்காவில், மரத்தடியில், விடியற்காலையில் புத்தாண்டுக் கச்சேரியைத் தொடங்கியிருந்தது. 2001இல் அங்கே குண்டு வெடித்துப் பலர் இறந்தார்கள். மறு ஆண்டும் மரத்தடியில் பாட்டு ஒலித்தது.

அந்தப் புத்தாண்டு நமக்கு அந்நியமில்லை. நம் சித்திரை முதல் நாளை ஒட்டி வருவதுதான் வங்காளிகளின் பைசாக மாதப் பிறப்பு. சூரியனைப் பின்பற்றும் இந்தப் பஞ்சாங்கத்தை வரிவசூல் வசதிக்காக அக்பர் சீர்செய்ததாகச் சொல்வார்கள். அன்று இந்து வியாபாரி பிள்ளையாரையும் லட்சுமியையும் கும்பிட்டுப் புதுக்கணக்கு எழுதுவார். பக்கத்துக் கடை முஸ்லிம் வியாபாரியும் அதே நாளில் கணக்கைத் திறந்து, வாடிக்கையாளருக்கு இனிப்பு கொடுப்பார். 1960களில் இந்தப் பஞ்சாங்கத்தைத் திருத்த அமைத்த குழுவின் தலைவர், வேதம் படிக்க அனுமதி மறுக்கப்பட்ட அதே ஷஹீதுல்லாதான்.

நகரத்துப் படிப்பாளிகள் இந்தப் பொதுப் பண்பாட்டுக்காகப் போராட, சுந்தரவனத்தில் அது அன்றாடப் பிழைப்பாகவே இருந்தது. தேன் எடுக்கவும் விறகு வெட்டவும் காட்டுக்குள் போகிறவர்கள், இந்துவானாலும் முஸ்லிமானாலும், புலியிடமிருந்து காக்கச் சொல்லி வேண்டுவது போன்பீபியை. கதைப்படி அவள் மெக்காவிலிருந்து வந்த ஃபகீரின் மகள். அவள் கதையைச் சொல்லும் பழைய அச்சுப் புத்தகம் வங்க எழுத்தில் இருக்கும். பக்கங்களையோ அரபு நூல்போல வலப்பக்கத்திலிருந்து புரட்ட வேண்டும். 1947இல் எல்லைக்கோடு காட்டைப் பிளந்தது. இரு பக்கத்திலும் அவளை விடவில்லை.

1971இல் கிழக்குப் பாகிஸ்தான் வங்கதேசமானது. தேசிய கீதமாக அது எடுத்துக்கொண்டது, 1905ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையின்போது தாகூர் எழுதிய பாட்டை. 1972இல் நோயுற்றிருந்த நஸ்ருலைக் கல்கத்தாவிலிருந்து அழைத்துவந்தார்கள். 1976இல் இறந்த அவர், டாக்கா பல்கலைக்கழகப் பள்ளிவாசல் அருகே அடக்கமானார். மொழிக்கு முதலில் குரல் கொடுத்த தத்தா மட்டும் இதைப் பார்க்கவில்லை. 1971 மார்ச்சில் பாகிஸ்தான் ராணுவம் கொமில்லா வீட்டிலிருந்து அவரைப் பிடித்துச் சென்று கொன்றது.

இந்த வரவுக்கு எதிரே ஒரு பற்றும் உண்டு. 1951 கணக்கெடுப்பில் கிழக்கு வங்கத்தில் இந்துக்கள் 22 சதவீதம். 2022இல் 8 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. 1950, 1964 கலவரங்களும் 1971 படுகொலைகளும் லட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு விரட்டின. 1965 போரையொட்டி இந்துக்களின் நிலங்கள் 'எதிரிச் சொத்து' ஆயின. நாடு விடுதலையானபின் 1974இல் அந்தச் சட்டத்துக்குப் பெயர் மாறியது, பிடி தளரவில்லை. திருப்பித்தரச் சட்டம் வர 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1972 அரசியல் சட்டத்தில் இருந்த மதச்சார்பின்மை பிறகு நீக்கப்பட்டது, 1988இல் இஸ்லாம் அரசு மதமானது, 2011இல் மதச்சார்பின்மை அதன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது.

தாகூரின் பாட்டை மீட்க வங்காள முஸ்லிம்கள் காட்டிய உறுதி பெரிது. அதே பாட்டைப் பாடிய இந்து அண்டை வீட்டாரின் நிலப்பத்திரத்தைக் காப்பதில் அவர்களுடைய அரசுகள் அந்த உறுதியில் பாதியைக்கூடக் காட்டவில்லை.