யார் பார்த்தால் என்ன?
கோழிக்கூட்டத்தில் எது எதைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டென்று நார்வேயின் விலங்கியலாளர் ஷெல்டெரப்-எப்பே 1921-இல் எழுதினார். அப்படிப்பட்ட வரிசையில் உயர மனிதருக்கு மிரட்டலோடு இன்னொரு வழியும் உண்டு: திறமையால் வரும் மதிப்பு. தேர்ந்த வேட்டைக்காரரை அண்டியவர் தொழில் கற்றார். மதிக்கப்பட்டவருக்குத் துணை சேர்ந்தது. பிறர் பார்வை நம்மை ஆட்டிவைப்பது அதனால் இருக்கலாம்.

2011-இல் வெளியான ஆய்வொன்றில், ஆள் பார்க்கும்போது ஆட்டிசம் இல்லாதவர்கள் கூடுதலாக நன்கொடை கொடுத்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களோ ஆள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒரே அளவு கொடுத்தார்கள். அவர்களுக்குப் பிறர் ஒரு பொருட்டே இல்லையா? அப்படியல்ல; கவனச் சோதனையில் ஆள் இருந்தபோது அவர்களும் மேலாகவே செய்தார்கள். அவர்களிடம் குறைவாக இருந்தது பெயர் வாங்கும் கணக்குத்தான். ஓர் ஆய்வால் எல்லாரையும் அளக்க முடியாது. பாராட்டுக்கு ஏங்குபவர்களும் அவர்களில் உண்டு. ஆனாலும் கைதட்டலுக்காகக் கூடாத கொடையைக் குறை என்பது நியாயமல்ல.