மாஸ்டர் பிளானில் உங்கள் வயலுக்கு என்ன நிறம்?

நகரத்து வேலைக்குப் போகும் ரயில் எந்த ஊரில் நிற்கிறதோ, அந்த ஊரில் மனைக்கல் முளைக்கிறது. நிலத்தை விற்பதா, வைத்திருப்பதா என்று முடிவெடுக்கும் முன் விவசாயக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை.

சென்னைக் கடற்கரை - செங்கல்பட்டு மின்சார ரயிலில் காலை நேரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் ஏறும். இவர்களில் பலர் குடியிருக்கும் தெருக்கள் ஒரு தலைமுறைக்கு முன்பு நெல் வயல்கள். ஏரிகள் நிறைந்ததால் ‘ஏரி மாவட்டம்’ என்று பெயர் பெற்ற பழைய செங்கல்பட்டுச் சீமை இது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அதன் பிறகு தெற்கே இருக்கும் கிராமங்களிலும் நிலம் கேட்டு வரும் கார்கள் பெருகின.

இந்தப் பகுதியில் ஏரிக்குக் கீழே 3 ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன், தம்பி இரண்டு பங்கு. “சுத்தி எல்லாரும் வித்துட்டாங்க. நாம மட்டும் நெல்லு போட்டு என்னடா பண்ணப் போறோம்?” என்பார் அண்ணன். “ஏரியில தண்ணி நிக்கிற வரைக்கும் போடலாம்ணா” என்பார் தம்பி. அண்ணனுக்கு மகள் கல்யாணம் முன்னால் நிற்கிறது. தம்பிக்கு இரண்டு கறவை மாடும் வைக்கோலும்தான் வீட்டுச் செலவு. இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், இரண்டு பேருமே பார்க்காத ஒன்று உண்டு. அவர்களுடைய சர்வே எண்ணுக்கு அரசு வரைபடத்தில் என்ன நிறம் அடித்திருக்கிறார்கள் என்பதுதான் அது.

நிறம் என்ன செய்யும்?

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் இயற்றப்பட்டது. அதன்படி ஒரு பகுதியைத் திட்டப் பகுதியாக அறிவித்து, எந்த சர்வே எண்ணில் எதைச் செய்யலாம் என்று முன்கூட்டியே வகுப்பதுதான் முழுமைத் திட்டம். ‘மாஸ்டர் பிளான்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, நிறுவனங்கள், திறந்தவெளி, விவசாயம் என்று மண்டலம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுப்பார்கள். வழக்கமாக மஞ்சள் என்றால் குடியிருப்பு, பச்சை என்றால் விவசாயம். வரைபடத்தின் ஓரத்தில் நிற விளக்கம் இருக்கும். அதை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு முதல் திட்டம் 1975-லும் இரண்டாம் திட்டம் 2008-லும் வந்தன. இரண்டாம் திட்டத்தின் இலக்கு ஆண்டு 2026. அடுத்த 20 ஆண்டுகளுக்கான மூன்றாம் திட்டத்துக்கு வேலை நடக்கிறது. பெருநகர்ப் பகுதியின் பரப்பு நீண்ட காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022-ல் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி அரசாணை வந்தது. ஏறத்தாழ ஐந்து மடங்கு. ‘நம்ம ஊர் எங்கேயோ இருக்கு, சி.எம்.டி.ஏ-வுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்’ என்றிருந்த பல கிராமங்கள் இந்தக் கோட்டுக்குள் வந்துவிட்டன.

நிறம் மாறினால் பட்டா மாறாது. நிலம் உங்களுடையதுதான். விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். அதை என்ன காரியத்துக்குப் பயன்படுத்தலாம் என்பதை மட்டும்தான் மண்டலம் கட்டுப்படுத்துகிறது. பச்சையில் பயிர், பால்பண்ணை, கோழிப்பண்ணை, நாற்றங்கால் வைக்கலாம். மனைப் பிரிவு போட முடியாது. மனை போட வேண்டுமானால் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அரசின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும்.

திட்டப் பகுதிக்கு வெளியே இருந்தாலும் முழுச் சுதந்திரம் இல்லை. விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற 2017-ல் தனி விதிகள் வந்தன. நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவு கட்டாயம்.

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற மாயை

ஊராட்சித் தலைவரிடம் ஒரு முத்திரை வாங்கி, வயலில் கல் நட்டு, ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று பலகை வைத்து விற்ற காலம் ஒன்று இருந்தது. மனைப் பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சிக்குத் தனியாகக் கிடையாது. சி.எம்.டி.ஏ அல்லது டி.டி.சி.பி-யின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். இதைப் பலர் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டார்கள்.

2016 செப்டம்பரில், அனுமதியற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பணம் கொடுத்தவர்கள் பத்திரத்தோடு அலைந்தார்கள். பிறகு 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. அதில் 2016 அக்டோபர் 20-ம் தேதிக்கு முன்பு பதிவான மனைகளுக்கு வழி கிடைத்தது. அதற்குப் பிறகு புதிதாகப் பிரித்த அனுமதியற்ற மனையைச் சார்பதிவாளர் பதிய மறுக்கலாம்.

இதில் விவசாயிக்கு என்ன ஆபத்து? பவர் பத்திரத்தில்தான் ஆபத்து. ‘நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்’ என்று சொல்லி பவர் வாங்கும் புரோமோட்டர் அனுமதி இல்லாமல் மனை விற்றால், பத்திரத்தில் உரிமையாளராக இருப்பது விவசாயியின் பெயர்தான். ஏமாந்தவர்கள் முதலில் தேடி வருவது அவரைத்தான். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவை விற்க ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவும் வேண்டும். லாபத்தில் பங்கு என்று ஒப்பந்தம் போட்ட நில உரிமையாளரையும் புரோமோட்டராகக் கருத வாய்ப்பு உண்டு.

முறையாக அனுமதி வாங்கினாலும் 3 ஏக்கரும் மனையாகாது. 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் மனைப் பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவிகிதத்தைப் பூங்கா, திறந்தவெளிக்காகத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். சாலைக்கான இடம் தனி. ஒரு சென்ட் விலையை 300-ஆல் பெருக்கிக் கணக்குப் போடும் குடும்பங்கள் இதைக் கழித்துப் பார்ப்பதே இல்லை.

வாய்க்கால் அடைந்தால் வயலும் போச்சு

தம்பி சொன்ன ‘ஏரியில தண்ணி நிக்கிற வரைக்கும்’ என்ற வார்த்தையில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. ஏரி தனியாக நிற்பதில்லை. மேலிருந்து தண்ணீர் கொண்டு வரும் வரத்துக் கால்வாய், மதகு, பாசன வாய்க்கால், மிகுந்த நீரை அடுத்த ஏரிக்கு அனுப்பும் கலங்கல் எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. ஆயக்கட்டில் நடுவே நான்கு பேர் விற்று மனையாக்கி, வாய்க்காலை மேடாக்கிவிட்டால் கடைமடையில் இருப்பவர் விற்காமலேயே விவசாயத்தை இழக்கிறார். வீடுகளின் கழிவு நீர் வயலில் பாயும். அறுவடை இயந்திரம் உள்ளே வர வழி இருக்காது. கடைசியில் ‘வேற வழியில்லை’ என்று அவரும் விற்பார்.

பாதிப்பு வயலோடு நிற்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் உள்ள முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, மக்களைப் படகில் மீட்டார்கள். தண்ணீர் தேங்க வேண்டிய தாழ்ந்த இடங்களில் வீடு கட்டினால் தண்ணீர் வீட்டில்தான் தேங்கும். ஆக, ஒரு விவசாயி வயலை வயலாகவே வைத்திருப்பது நகரத்துக்கும் பாதுகாப்பு. ஆனால் அதற்கான விலையை யார் கொடுப்பது? வரப்புக்கு அந்தப் பக்கம் மஞ்சள், இந்தப் பக்கம் பச்சை. மஞ்சள்காரருக்குக் கோடி, பச்சைக்காரருக்குக் கட்டுப்பாடு மட்டும். விவசாயிகளின் கோபத்துக்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

வாஷிங்டன் பக்கத்தில் ஒரு வழி

இதே கேள்வி அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய மான்ட்கோமரி கவுன்டியில் 50 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. தினமும் தலைநகருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பண்ணை நிலங்களில் வீடு கட்டிக் குடியேறினார்கள். 1970-களில் ‘5 ஏக்கருக்கு ஒரு வீடுதான்’ என்று அங்கே கட்டுப்பாடு போட்டார்கள். பலன் தலைகீழாக இருந்தது. வசதியானவர்கள் ஐந்தைந்து ஏக்கராக வாங்கி வீடு கட்டினார்கள். நிலம் துண்டானது, விவசாயம் குறைந்தது. நம் ஊரில் 25 சென்ட், 50 சென்ட் என்று ‘பண்ணை நிலம்’ விற்கிறார்களே, கிட்டத்தட்ட அதே கதை.

1980-ல் திட்டத்தை மாற்றினார்கள். கவுன்டியின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, சுமார் 93,000 ஏக்கரை விவசாயக் காப்புப் பகுதியாக அறிவித்து, 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்று கட்டுப்பாட்டை இறுக்கினார்கள். அதோடு ஒரு ஈடும் கொடுத்தார்கள். ஒவ்வொரு 5 ஏக்கருக்கும் ஒரு ‘கட்டும் உரிமை’ உண்டு. விவசாயி நிலத்தை விற்காமல் அந்த உரிமையை மட்டும் தனியாக விற்கலாம். 100 ஏக்கர் வைத்திருப்பவர் 4 வீடுதான் கட்டலாம். ஆனால் அவரிடம் 20 உரிமைகள் இருக்கும். ரயிலும் சாலையும் உள்ள இடங்களில் கூடுதலாக வீடு கட்ட விரும்பும் நிறுவனம் அந்த உரிமைகளை விலைக்கு வாங்க வேண்டும். உரிமை விற்ற நிலத்தில் இனி வீடு பெருகாது என்று பத்திரத்தில் பதிவாகும். விவசாயிக்குக் கையில் காசு வரும், நிலமும் உழவிலேயே இருக்கும்.

குறையில்லாத திட்டம் இல்லை. உரிமையை வாங்க ஆள் இல்லாத காலங்களில் விவசாயி கையில் இருப்பது வெறும் காகிதம்தான். ஆனாலும் தலைநகருக்கு அருகிலேயே அந்தப் பண்ணைகள் இன்றும் இருக்கின்றன. தமிழ்நாட்டிலும் ‘மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை’ இருக்கிறது. சாலை அகலப்படுத்துவது போன்ற தேவைகளுக்கு நிலம் விடுபவர்களுக்கு அதைத் தருகிறார்கள். ஏரி ஆயக்கட்டைக் காக்கும் விவசாயிக்கும் அதுபோன்ற ஈடு கிடைக்க வேண்டும் என்று திட்டம் தயாராகும் காலத்திலேயே கேட்பதில் தவறில்லை.

இப்போது செய்ய வேண்டியவை

* உங்கள் சர்வே எண், உட்பிரிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, சி.எம்.டி.ஏ அல்லது மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் மண்டலத்தைக் கேட்டு அறியுங்கள். எழுத்தில் வாங்குவது நல்லது.

* வரைவுத் திட்டம் வெளியானால் ஆட்சேபம், ஆலோசனை தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் உண்டு. அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வரும். ஆயக்கட்டுதாரர்கள் ஒன்றாகச் சேர்ந்து, வாய்க்காலின் சர்வே எண்களையும் குறிப்பிட்டு மனுக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.

* புல வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் எடுத்து, வாய்க்கால் புறம்போக்கு எங்கே போகிறது என்று ஊரார் சேர்ந்து குறியுங்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

* ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. வரத்துக் கால்வாய், பாசன வாய்க்காலைப் பாதுகாக்கும் தீர்மானத்தை அங்கே பதிவு செய்யுங்கள்.

பலரும் கேட்கும் கேள்விகள்

‘என் நிலத்தில் சாலை வருவதாகத் திட்டத்தில் காட்டியிருக்கிறார்கள். பல வருடமாக எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. என்ன செய்வது?’

நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-வது பிரிவைப் பாருங்கள். ஒதுக்கீடு அறிவிப்பு அரசிதழில் வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்போ, பேசி வாங்குவதோ நடக்காவிட்டால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும். அறிவிப்பு தேதியுடன் ஒரு வழக்கறிஞரை அணுகுங்கள்.

‘விவசாய நிலம் விற்றால் வருமான வரி இல்லை என்கிறார்களே?’

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. நகராட்சி எல்லைக்குள் இருந்தாலோ, மக்கள் தொகையைப் பொறுத்து எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்குள் இருந்தாலோ மூலதன ஆதாய வரி வரும். மக்கள் தொகை 10 லட்சத்துக்கு மேல் என்றால் 8 கிலோமீட்டர். நீங்களோ பெற்றோரோ விற்பதற்கு முன் இரண்டு ஆண்டுகள் உழுத நிலமாக இருந்து, விற்ற பிறகு இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் விலக்குக் கேட்கலாம்.

‘அண்ணன் விற்க நினைக்கிறார், எனக்கு இஷ்டமில்லை. என்ன வழி?’

முதலில் பாகப் பிரிவினைப் பத்திரம் பதிந்து, அளந்து, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குங்கள். பிரிக்கும்போதே வண்டிப் பாதை, வாய்க்கால், கிணற்றுத் தண்ணீர் ஆகியவற்றின் உரிமையைப் பத்திரத்தில் எழுதிவிடுங்கள். அண்ணன் பங்கு நாளை யார் கைக்குப் போனாலும், உங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் வழி பத்திரத்தில் நிற்கும்.