உருண்ட தலை, அசையாத போல்ட்

போல்ட்டுக்கும் மதுரைக்கும் பழைய உறவு. 1911-இல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் இங்கே தொடங்கிய நிறுவனத்தின் கட்டடம் மேற்கு வெளி வீதியில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் சுந்தரம் பாசனர்ஸ் 1966-இல் சென்னைப் பாடியில் போல்ட் உற்பத்தியைத் தொடங்கியது. நம் பக்கம் ஆவியூரிலும் அதற்கு ஆலை உண்டு. ஆனால் போல்ட்டைப் போடுவதற்குக் காட்டும் கவனத்தில் கால்வாசியைக்கூட நாம் கழற்றுவதற்குக் காட்டுவதில்லை. நான் ஐ.டி.ஐ.யில் பிட்டர் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கே.புதூரில் என் வீட்டு வாசலுக்குக் கார் வேலையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: “சார், ஸ்பேனர் வழுக்குது!”

ஸ்பேனர் வழுக்கினால் தலையின் ஆறு மூலைகளும் மழுங்கிவிட்டன என்று அர்த்தம். அதற்குப் பிறகும் அந்த போல்ட்டைக் கழற்றலாம். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்ற வரிசை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் இறுகுகிறது?

போல்ட்டை முறுக்கும்போது நம் கைவிசை முழுவதும் பாகங்களை இறுக்கிப் பிடிக்கப் போகும் என்று நினைக்கிறோம். உண்மையில் ஏறத்தாழ பாதி விசை தலைக்கு அடியில் உராய்விலும், 40 சதவீதம் மரையின் உராய்விலும் போய்விடும். மீதி 10 சதவீதம்தான் பிடிப்பாகிறது. அந்த மரைக்குள் துரு புகுந்தால் உராய்வு எங்கோ ஏறிவிடும். இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு கூடுவதால், மரைக்கு மரை இருந்த மெல்லிய இடைவெளியும் அடைபட்டுப் போகிறது.

மதுரைச் சமவெளி வறண்ட பூமி. இங்கேயே ஓடும் காரில் துரு மெதுவாகத்தான் ஏறும். ராமேஸ்வரம், தூத்துக்குடி என்று அடிக்கடி போய்வரும் வண்டியின் அடிப்பாகம் வேறு கதை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் தூக்கு பாகம் அரித்துப்போய், 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தினார்கள். பாலத்தைத் தின்ற உப்புக்காற்று உங்கள் சைலன்சர் போல்ட்டை மட்டும் விட்டுவிடுமா? அலுமினிய இன்ஜின் பாகத்தில் இரும்பு போல்ட் இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டு உலோகத்துக்கும் நடுவே ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாக மாறி மரையைக் கவ்விக்கொள்ளும்.

தலை ஏன் உருள்கிறது?

பத்தில் ஒன்பது நேரம் குற்றவாளி நம் கருவிதான். அம்பாசிடர் காலத்து இஞ்ச் ஸ்பேனர் செட் இன்னும் பல வீட்டுப் பரணில் கிடக்கிறது. அதில் 9/16 இஞ்ச் ஸ்பேனரின் வாய் 14.29 மி.மீ. மாருதி போன்ற ஜப்பானிய வடிவக் கார்களில் வரும் 14 மி.மீ. தலையில் அது சமர்த்தாக உட்காரும். ஆனால் முறுக்கியதும் அந்தச் சின்ன இடைவெளியில் நழுவி, மூலைகளைச் சீவிவிடும்.

இரண்டாவது தவறு, இறுகிய போல்ட்டில் ஓப்பன் ஸ்பேனரை மாட்டுவது. அது இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும். பன்னிரண்டு பல் பாக்ஸ் ஸ்பேனர் மூலைக்கு அருகே அழுத்தும். ஆறு பட்டை பாக்ஸ் தலையின் தட்டையான பக்கங்களில் அழுத்துவதால் மூலைக்குச் சேதம் குறைவு. கஞ்சப்படாமல் 10, 12, 14, 17, 19 மி.மீ. அளவுகளில் நல்ல ஆறு பட்டை பாக்ஸ் வாங்கி வையுங்கள். வீட்டுக் கார் வேலையில் பெரும்பகுதி அவற்றில் அடங்கிவிடும்.

மாப்பிள்ளையும் பைப்பும்

மேலூரிலிருந்து என் தங்கை மகன் பழைய மாருதி 800-ஐ ஓட்டிக்கொண்டு வந்தான். யாத்திரைக்காரர்களோடு ராமேஸ்வரம் போய்ப்போய்ப் பழகிய வண்டி. சைலன்சர் குழாய் இணையும் இடத்தில் ஒரு 12 மி.மீ. தலை பாதி உருண்டிருந்தது. கையில் நீளமான ஜி.ஐ. பைப் வேறு.

“மாமா, ஸ்பேனர்ல பைப்பச் சொருகி ஒரு மிதி மிதிச்சா வந்துரும்ல?”

“வரும் மாப்ள. பாதி போல்ட் உன் கையோட வரும். மீதி வண்டியிலயே இருக்கும்.”

நான் மிரட்டவில்லை, கணக்குத்தான் சொன்னேன். 8 மி.மீ. தண்டுள்ள, தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டை இறுக்க ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். அரை மீட்டர் பைப்பின் நுனியில் 20 கிலோ விசையோடு அழுத்தினால் 100 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். முறிக்க அதுவே தாராளம்.

முதலில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, உறுதியான இரும்பு ஸ்டாண்டில் உட்கார வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பவனுக்கு நான் ஸ்பேனர் தரமாட்டேன். கண்ணாடி மாட்டச் சொன்னேன். துரு கண்ணில்தான் விழும். கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, ஊடுருவும் எண்ணெய் அடித்து, டீ குடிக்கப் போனோம். உதிரிபாகக் கடையில் எல்லாரும் கேட்கிற டபிள்யூடி-40, 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. லேசான துருவுக்கு அது போதும். முற்றிய துருவுக்கு அதற்கென்றே விற்கும் ஊடுருவும் எண்ணெய் மேல். அதை அடித்துவிட்டு ஓர் இரவு விட்டுவைத்தால் இன்னும் நல்லது.

அடுத்து, தலையின் மேல் நேராகச் சுத்தியலால் சில தட்டு. அதிர்ச்சியில் துருவின் பிடி விரிசல் விடும். பிறகு 11 மி.மீ. ஆறு பட்டை பாக்ஸை உருண்ட தலையில் அடித்து இறக்கினோம். கழற்றும் பக்கம் மட்டும் முறுக்காமல், முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல், பின் கழற்றும் பக்கம் ஒரு நூல் என்று ஆட்டிக்கொடுத்தோம். கிரீச் என்று சத்தம் வந்ததும் மறுபடி எண்ணெய். பிடிவாதக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிற மாதிரி, கொஞ்சம் விட்டு, கொஞ்சம் இழுத்துத்தான் அது வந்தது.

அதற்கும் அசையவில்லை என்றால் வெப்பம். நட்டைச் சூடாக்கினால் அது விரிந்து பிடியைத் தளர்த்தும். போல்ட்டைச் சூடாக்கினால் அதுவே விரிந்து மேலும் இறுகும். அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதால், அலுமினியத்துக்குள் இருக்கும் இரும்பு போல்ட்டுக்கு வெப்பம் நன்றாகவே உதவும். ஆனால் பெட்ரோல் டேங்க், பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ் பக்கத்தில் நெருப்பு கூடாது. எண்ணெயோ ஸ்ப்ரேயோ அடித்த ஈரம் காயாமல் தீ காட்டவும் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலான வைத்தியம் வெல்டிங் பட்டறையில் இருக்கிறது. உருண்ட தலைமேல் புது நட்டை வைத்து, அதன் துளைக்குள் வெல்டு அடிப்பார்கள். புதுத் தலை கிடைக்கும். வெல்டின் சூட்டில் துருவும் விடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகுதான் வெல்டிங் என்பதை மறக்க வேண்டாம்.

முறிந்துவிட்டால்

தலை உடைந்து தண்டு உள்ளே நின்றால், நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து, இடப்பக்கம் சுழலும் டிரில் பிட்டால் துளையிடுவது நல்லது. துளையிடும் விசையிலேயே சில நேரம் தண்டு கழன்று வந்துவிடும். வராவிட்டால், அந்தத் துளைக்குள் முறுக்கித் தண்டைக் கழற்றும் ‘ஈசி அவுட்’. பெயரில்தான் ஈசி. அது கடினமான எஃகு. வளையாது, பட்டென உடையும். உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் அதைத் தொடக்கூட முடியாது. ஸ்பார்க் இரோஷன் மெஷின் இருக்கும் பட்டறையைத் தேட வேண்டும். எனவே ஈசி அவுட் இறுக்கமாகத் தெரிந்ததும் கையை எடுத்துவிட்டு லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். மரை கெட்டுப்போனாலும் கவலையில்லை; கம்பிச்சுருள் மரை பதித்துத் தருவார்கள்.

திரும்பப் போடும்போது

மூலை சற்றே மழுங்கிய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். அதே தண்டளவு, அதே மரை, தலையில் அதே எண் உள்ள புதியது சில ரூபாய்தான். பல கார்களில் இன்ஜின் ஹெட் போல்ட்டை ஒருமுறை கழற்றினால் புதிது போட வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பார், கையேட்டைப் பாருங்கள். சைலன்சர் மரையில் வெப்பம் தாங்கும் ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட் தடவினால் அடுத்த முறை அழவேண்டியதில்லை. சக்கர நட்டுக்கு மட்டும் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். உராய்வு குறைந்து, அதே முறுக்கில் போல்ட் அளவுக்கு மேல் இழுபடும்.

பிரேக், ஸ்டியரிங் பக்கத்து போல்ட் உருண்டால் வீட்டுப் பரிசோதனை எதுவும் வேண்டாம், நல்ல மெக்கானிக்கிடம் விடுங்கள். மற்ற இடங்களில் ஸ்பேனர் முதல்முறை நழுவியதுமே நிறுத்திவிட்டு எண்ணெய் அடியுங்கள். அந்த நேரத்தில் செலவு ஒரு டீ. அதைத் தாண்டினால் லேத் பட்டறை பில்.