நோய்க்கால ஓய்வும் பணிப் பாதுகாப்பும்

நுழையும்முன்

தொற்றுநோய் கண்டவர் வீட்டிலேயே தங்கியிருக்க வேண்டும் என்பது பொதுச் சுகாதார விதி. அவ்விதியைக் கேட்டதும் ஓர் உழைப்பாளியின் உள்ளத்தில் எழும் முதற்கேள்வி நோயைப் பற்றியதாக இருப்பதில்லை. ‘திரும்பிச் செல்லும்போது என் வேலை எனக்கு இருக்குமா?’ என்பதாகவே இருக்கிறது. அக்கேள்விக்குச் சமூகமும் சட்டமும் கண்டுள்ள விடைகளையும், இன்னும் விடை கிடைக்காத இடங்களையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஓய்வின் விலை

மருத்துவம் என்பது நோயாளர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகிய நான்கு கூறுகளை உடையது என்று ‘மருந்து’ அதிகாரத்தில் வகுத்துரைக்கிறார் வள்ளுவர். கூலியை நம்பி வாழும் இன்றைய குடும்பத்திற்கு ஐந்தாவதாக ஒன்றும் தேவைப்படுகிறது. ஓய்வு கொள்ளும் நாள்களிலும் அடுப்பெரிவதற்கான வருவாயே அது. வாடகையும் கடன் தவணையும் காய்ச்சல் தணியும்வரை காத்திருப்பதில்லை. எனவே, உடல் நலிந்த நிலையிலும் பலர் மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுப் பணிக்குச் செல்கின்றனர். அதனால் அவர்தம் நோய் முற்றுகிறது; உடன் பணிபுரிவோருக்கும் பரவுகிறது. ஒருவரின் வேலையிழப்பு அச்சம் இவ்வாறு ஊருக்கே உரிய நோயச்சமாக மாறிவிடுகிறது.

வரலாறு தரும் பாடம்

அயர்லாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய மேரி மாலன் என்னும் பெண், நியூயார்க் பகுதியில் செல்வர் இல்லங்களில் சமையல் பணி செய்து வந்தார். அவரிடம் நோயின் அறிகுறி எதுவுமில்லை. ஆயினும், டைபாய்டு கிருமி அவருடலில் தங்கியிருந்து பிறருக்குப் பரவியது. 1907ஆம் ஆண்டு அவரைச் சுகாதாரத் துறையினர் ஒரு தீவில் தனிமைப்படுத்தினர். இனிச் சமையல் பணியை மேற்கொள்வதில்லை என்ற உறுதிமொழியின்பேரில் 1910இல் அவர் விடுவிக்கப்பட்டார். மாற்றாகக் கிடைத்த சலவைப் பணியின் ஊதியம், சமையல் பணியின் ஊதியத்தைவிடக் குறைவாக இருந்தது. தம்மால் நோய் பரவுகிறது என்பதையும் அவர் நம்பவில்லை. வேறு பெயரில் மீண்டும் சமையற்கூடத்திற்குள் நுழைந்தார். 1915இல் அவர் பணியாற்றிய மகப்பேறு மருத்துவமனையில் 25 பேர் நோயுற்றனர். அதன்பின், 1938இல் இறக்கும்வரை அவர் தனிமையிலேயே வாழ நேர்ந்தது.

அவருடைய செயலை நாம் ஏற்க இயலாது. எனினும், ஒருவர் கைக்கொண்ட தொழிலைத் தடைசெய்யும் விதி, அவருடைய பிழைப்புக்கும் வழிகாட்ட வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. பிழைப்புக்கு வழியில்லாத விதியை மீறும் சூழல் எளிதில் உருவாகிவிடும்.

காப்பீடு என்னும் ஏற்பாடு

உழைப்பாளர், முதலாளி ஆகிய இருவரும் சிறுதொகை செலுத்திப் பொதுநிதி ஒன்றை உருவாக்கி, நோயுற்ற காலத்தில் அதிலிருந்து உதவி பெறும் முறையை 1883ஆம் ஆண்டிலேயே செருமனி சட்டமாக்கியது. இந்தியாவில் இதற்கென ஆராய்ந்து பேராசிரியர் பி.பி. அடார்க்கர் 1944இல் அறிக்கை அளித்தார். அதன் வழியே உருவானதுதான் 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம். மக்கள் இதனை ‘இ.எஸ்.ஐ.’ என வழங்குவர். 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரிலும் தில்லியிலும் இத்திட்டம் நடைமுறைக்கு வந்தது.

2019ஆம் ஆண்டு சூலை முதல் உழைப்பாளர் தம் ஊதியத்தில் 0.75 விழுக்காட்டையும், நிறுவனம் 3.25 விழுக்காட்டையும் செலுத்தும் முறை நடைமுறைப்படுத்தப்பட்டது. மாத ஊதியம் 16,000 ரூபாய் எனில், உழைப்பாளரின் பங்கு 120 ரூபாய். நிறுவனத்தின் பங்கு 520 ரூபாய். உரிய பங்களிப்பு நாள்களை நிறைவு செய்தவர் நோயுற்றால், மருத்துவச் சான்றின் அடிப்படையில் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை, சராசரி நாள் ஊதியத்தில் 70 விழுக்காட்டை உதவித்தொகையாகப் பெறலாம். நாளொன்றுக்கு 600 ரூபாய் ஈட்டுபவருக்கு 420 ரூபாய் கிடைக்கும். காசநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு உதவிக்காலமும் விழுக்காடும் மிகுதி.

பணத்தைவிட முதன்மையானது வேலை நீடிக்கும் என்னும் உறுதி. உதவித்தொகை பெறும் காலத்திலும், முறையாகச் சான்றளிக்கப்பட்ட நோயால் பணிக்கு வராத காலத்திலும் ஒருவரைப் பணிநீக்கம் செய்வதை இச்சட்டத்தின் 73ஆம் பிரிவு தடுத்தது. தற்காலிக நோயால் பணிக்கு வராமை பணிநீக்கத்திற்குரிய தக்க காரணமாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டு உடன்படிக்கையும் கூறுகிறது. இந்தியா அதனை ஏற்புறுதி செய்யவில்லை எனினும், அதன் கருத்து நம் சட்டத்தில் முன்னரே இடம்பெற்றிருந்தது குறிப்பிடத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், அதன் வரம்பிற்குள் வரும் பணியாளருக்கு ஆண்டுக்கு 12 நாள்கள் வரை ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பை வழங்குகிறது.

அறிவுரையும் சட்டமும்

கொரோனா பெருந்தொற்றின்போது இச்சிக்கலை நாடே எதிர்கொண்டது. பணியாளர்களை நீக்க வேண்டா எனவும், விடுப்பெடுத்தவரைப் பணியில் இருப்பவராகவே கருதுமாறும் 2020 மார்ச் 20ஆம் நாள் ஒன்றிய அரசின் தொழிலாளர் துறை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. ஊரடங்குக் காலத்தில் முழு ஊதியம் வழங்க வேண்டும் என்னும் ஆணை மார்ச் 29இல் பிறப்பிக்கப்பட்டது. மே 18 முதல் அவ்வாணை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஊதியச் சிக்கலை இரு தரப்பினரும் பேசித் தீர்த்துக்கொள்ளுமாறு சூன் 12இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. நெருக்கடி வேளையில் பிறக்கும் அறிவுரையும் ஆணையும் குறுகிய ஆயுள் உடையவை. முன்னரே வேரூன்றிய சட்டமே நிலைத்த துணையாகும் என்பதை இந்நிகழ்வுகள் காட்டின.

எட்டாத கரங்கள்

கட்டுமானத் தொழிலாளர், வீட்டுப் பணியாளர், தெருவோர வணிகர் முதலியோருக்கு நிலையான முதலாளி இல்லை. ஆதலால், பங்களிப்பு செலுத்துவோரும் இல்லை. இணையவழியில் உணவும் பொருளும் கொண்டு சேர்ப்போர் நிலையும் ஏறக்குறைய இதுவே. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இத்தகைய இணையத்தளப் பணியாளர்களையும் வரையறுத்தது, ஒரு தொடக்கமே. நோய்த்தொற்று இல்லாதபோதும் முன்னெச்சரிக்கைக்காக விலகியிருக்கப் பணிக்கப்படுபவர், நோயாளர் என்னும் சான்றைப் பெற இயலாது தவிப்பதும் உண்டு. பிறர் நலனுக்காக வீட்டிலிருப்பவரின் இழப்பை அவர் ஒருவரே சுமப்பது முறையாகாது.

நிறுவனங்களின் இடர்ப்பாட்டையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நால்வர் பணிபுரியும் சிறு பட்டறையில் ஒருவர் வாரக்கணக்கில் வராவிட்டால் வேலை தடைப்படும். அச்சுமையைப் பொதுநிதியின் வழியே பலரும் பகிர்ந்துகொள்வதே காப்பீட்டின் அடிப்படை. நெடுங்காலம் தொடரும் உடல்நலக் குறைவால் பணியை முடிவுக்குக் கொண்டுவரும் நிலை வேறு. சில நாள்கள் ஓய்வெடுத்தவரை நீக்குவது வேறு. இவ்வேறுபாட்டை உணர்தல் இருசாராருக்கும் நன்று.

உரிமையைக் காக்கும் வழி

உரிமை சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதனை மெய்ப்பிக்கும் சான்றும் கையில் இருத்தல் வேண்டும். பணியில் சேரும்போதே பணி ஆணையையும் காப்பீட்டு எண்ணையும் பெற்றுக்கொள்க. ஊதியச் சீட்டில் பங்களிப்பு பிடித்தம் செய்யப்பட்டுள்ளதா எனப் பார்த்து வருக. நோயுற்றால் உடனே எழுத்து வழியே நிறுவனத்திற்குத் தெரிவித்து, மருத்துவச் சான்றின் படியொன்றைக் காத்து வைத்துக்கொள்க. நலம்பெற்றுத் திரும்பும்போது உடல்தகுதிச் சான்றுடன் செல்க.

மாணவர்களே, இன்னும் சில ஆண்டுகளில் உங்களுள் பலர் பணியாளராவீர்கள். சிலர் பிறருக்குப் பணி வழங்குவோராகவும் உயர்வீர்கள். அன்று உங்களிடம் பணிபுரியும் ஒருவர், “காய்ச்சலாக இருக்கிறது, இன்று வர இயலாது” என்று அச்சமின்றிச் சொல்லக்கூடுமாயின், அப்பணியிடத்தில் அவருடைய வேலையும் பிறருடைய நலமும் ஒருங்கே காக்கப்படும்.